கணினி மறுத்தால் யாரிடம் போவது?

வளரும் நாடுகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அரசுச் சேவைகளைக் கணினிக்கும் இணையத்துக்கும் மாற்றி வருகின்றன. இதனால் எளிய மக்களுக்கு உண்மையிலேயே நன்மை விளைந்திருக்கிறதா, விளைந்திருந்தால் ஏன் சில திட்டங்கள் மட்டும் நிலைத்து மற்றவை பாதியில் நின்றுபோகின்றன என்பதே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. கேட்டவர் தம் மாவட்டத்தில் பட்டா மாறுதல் மனுக்களை இணையவழியில் கையாளும் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருப்பதாகவும் தெரிவித்திருக்கிறார். ஆகவே எல்லாச் சேவைகளையும் தொட்டுச் செல்லாமல், எனக்கு நன்கு பழக்கமான நில ஆவணத்தையும் நியாயவிலைக் கடையையும் மையமாக வைத்து விடையளிக்கிறேன். இந்தியாவில் கோடிக்கணக்கான குடும்பங்கள் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்கள் இவ்விரண்டுமே.

நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நன்மை மென்பொருளின் தரத்தைவிட வேறொன்றையே அதிகம் சார்ந்திருக்கிறது. ஒரு சேவை கணினிக்கு மாறும்போது, அதுவரை ஓர் அலுவலரின் கையில் இருந்த முடிவெடுக்கும் அதிகாரம் இடம் மாறுகிறது. அது எங்கே போய்ச் சேர்கிறது, கணினி ‘இல்லை’ என்று சொல்லும்போது ‘ஆம்’ என்று சொல்ல அதிகாரம் பெற்ற மனிதர் ஒருவர் மக்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்பவைதான் ஒரு திட்டம் மக்களுக்கு உதவுமா, வதைக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் பார்த்தவரையில், திட்டத்தைத் தொடங்கும் கூட்டங்களில் திரையின் தோற்றம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். இந்த இரண்டைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குவதில்லை.

தோல்விகள் எவ்வளவு பரவலானவை என்பதற்கு ஒரு பழைய மதிப்பீடு இருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ், வளரும் நாடுகளின் மின்னாளுகைத் திட்டங்களில் 35 விழுக்காடு முழுத் தோல்வி என்றும், 50 விழுக்காடு பாதித் தோல்வி என்றும், 15 விழுக்காடு மட்டுமே வெற்றி என்றும் 2003இல் கணித்தார். அதற்குப் பிறகு கைப்பேசியும் மலிவான இணையமும் வந்துவிட்டதால் இந்த எண்கள் இன்று அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் அவர் சுட்டிய காரணம், அதாவது வடிவமைப்பவர் மனத்தில் வைத்திருக்கும் அலுவலகத்துக்கும் உண்மையான அலுவலகத்துக்கும் இடையிலுள்ள தூரம், இன்றும் அப்படியே இருக்கிறது. கர்நாடகத்தின் நில ஆவணங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கர்நாடகத்தில் ஒரு நிலம் யாருக்குச் சொந்தம், அதில் என்ன பயிர், அதன் மேல் என்ன கடன் என்பவற்றைச் சொல்லும் ஆவணத்தை ஆர்.டி.சி. என்றும், பேச்சு வழக்கில் பஹணி என்றும் அழைப்பார்கள். தமிழ்நாட்டுச் சிட்டாவும் அடங்கலும் சேர்ந்தது போன்ற ஆவணம் அது. பயிர்க்கடன் வாங்க, நிலத்தை விற்க, வழக்கு நடத்த என எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். ஏறத்தாழ 9,000 கிராமக் கணக்கர்கள், ஒவ்வொருவரும் மூன்று நான்கு கிராமங்களுக்குப் பொறுப்பேற்று, இந்தப் பதிவேடுகளைத் தம் வசம் வைத்திருந்தார்கள். விவசாயியால் தன் நிலத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூட முடியாது. கணக்கர் ஊரில் இருக்க வேண்டும், அவர் மனம் வைக்க வேண்டும், பெரும்பாலும் அவர் கையில் ஏதாவது கொடுக்கவும் வேண்டும்.

இதைக் கணினிமயமாக்கும் முயற்சி 1991இலேயே குல்பர்கா மாவட்டத்தில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி, 1996க்குள் எல்லா மாவட்டங்களுக்கும் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது பயனற்றுப் போனதற்கு மிக எளிய காரணம் ஒன்று இருந்தது. நில ஆவணங்களில் மாற்றங்கள் பதிவாகும் இடம் வட்ட அலுவலகம்; அங்கே கணினி வைக்க முறையான ஏற்பாடு இல்லை. தரவை ஒருமுறை உள்ளிட்டு முடித்ததும், கீழே காகிதத்தில் அன்றாடம் நடக்கும் விற்பனையும் பாகப்பிரிவினையும் கணினிக்கு வந்து சேரவில்லை. சில மாதங்களிலேயே கணினி ஒன்றைச் சொல்ல, பதிவேடு வேறொன்றைச் சொல்லத் தொடங்கிவிடும். இரண்டு முரண்பட்டால் யாரும் பதிவேட்டைத்தான் நம்புவார்கள். அப்படியானால் கணினிக்குச் செலவிட்ட பணம் எதற்கு? இந்த அனுபவத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காகிதமும் கணினியும் இணையாக ஓடும் இந்த நிலையில்தான் இன்றும் பல நாடுகளின் திட்டங்கள் சிக்கிக் கிடக்கின்றன. சிக்கியிருப்பதையே ‘படிப்படியான மாற்றம்’ என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

2001ஐ ஒட்டி, ராஜீவ் சாவ்லா என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் பொறுப்பில், தேசியத் தகவலியல் மையத்தின் மென்பொருளோடு வந்த ‘பூமி’ திட்டம் இந்தப் பாடத்தைக் கற்றிருந்தது. 177 வட்டங்களில், ஏறத்தாழ 67 லட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடி ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. பின்னர் எடுக்கப்பட்ட முடிவுதான் துணிச்சலானது: ஒரு வட்டத்தில் கணினி ஆவணம் நடைமுறைக்கு வந்ததும் அங்கே கையெழுத்து ஆவணம் சட்டப்படி செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. திரும்பிச் செல்லும் பாலத்தை அரசே அகற்றிய பிறகு, கணினியில் இருப்பதைச் சரியாக வைத்திருப்பது எல்லாருடைய கவலையாகவும் ஆயிற்று.

வட்ட அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் ஆவணத்தின் நகல் உடனே கையில் கிடைத்தது. மனுதாரரை நோக்கி இரண்டாவது திரை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. உள்ளே அமர்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதை வெளியே நிற்பவரும் பார்க்கலாம். இந்த இரண்டாவது திரை எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக மூடியிருந்த பதிவேட்டை ஒரு விவசாயி தன் கண்ணால் பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி இருக்க முடியாது. உரிமை மாற்றத்துக்கான மனுக்கள் வந்த வரிசைப்படியே எடுக்கப்பட வேண்டும் என்பதை மென்பொருளே கட்டாயமாக்கியது. முந்தைய மனுவைத் தீர்க்காமல் பிந்தையதைத் தொட முடியாது. அலுவலர்கள் தம் விரல்ரேகையைப் பதித்தே உள்நுழைந்தார்கள் என்பதால், ‘நான் செய்யவில்லை’ என்று பிறகு சொல்லவும் வழியில்லை. பெங்களூரின் பொது விவகார மையம் அக்காலத்தில் நடத்திய ஆய்வில், பழைய முறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கையூட்டுக் கொடுத்ததாகவும், புதிய மையங்களில் நூற்றுக்கு 3 பேர் மட்டுமே கொடுத்ததாகவும் தெரியவந்தது.

இந்த வெற்றியை உலகமே பாராட்டியது. பாராட்டுக்கு அது தகுதியானதே. ஆயினும் அதிகாரம் எங்கே போனது என்று கேட்டால் படம் சற்று மாறுகிறது. கிராமத்தில் இருந்த அதிகாரம் வட்டத் தலைநகருக்குப் போனது. அதுவரை பக்கத்து ஊரில் கணக்கரைத் தேடியவர் இப்போது ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறி வட்ட அலுவலகம் போக வேண்டியதாயிற்று. கிராமத்துக்கு அருகிலேயே மையங்கள் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. இதைவிடக் கடுமையான விமர்சனத்தை ஆய்வாளர் சாலமன் பெஞ்சமினும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007இல் முன்வைத்தார்கள். நிலத்தின் மீதான சிறுசிறு உரிமைகளையும் உள்ளூர் ஏற்பாடுகளையும் கணினி ஆவணம் தட்டையாக்கிவிட்டது என்றும், பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குவோருக்கே இது வசதி செய்து தந்தது என்றும், ஊழல் குறையாமல் மேல்தட்டுக்கு நகர்ந்தது என்றும் அவர்கள் வாதிட்டார்கள். அவர்களுடைய முடிவுகள் அனைத்தையும் நான் ஏற்கவில்லை. நகல் பெறுவதில் கிடைத்த விடுதலையை அவர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள் என்றே கருதுகிறேன். ஆனால் யார் எளிதில் பார்க்க முடிகிறதோ அவரே முதலில் பயன்பெறுவார் என்ற அவர்களுடைய எச்சரிக்கை சரியானது. நகரத்து வணிகர் பத்துக் கிராமங்களின் ஆவணங்களை ஒரே மேசையில் பார்க்க முடிந்த காலத்தில், அந்தக் கிராமத்துச் சிறு விவசாயி தன் ஒரே ஆவணத்துக்காக வரிசையில் நின்றார்.

பூமியிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் நகலுக்கும் உரிமை மாற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு. நகல் தருவதில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆவணம் இருக்கிறது, அச்சிட்டுத் தருகிறோம். இத்தகைய சேவையில் கணினி வந்ததும் இடையில் நின்றவரின் தேவை அடியோடு மறைந்துவிடுகிறது. உரிமை மாற்றம் அப்படிப்பட்டதன்று. வாரிசுகள் யார், எல்லை எங்கே, எதிர்ப்பு உண்டா என்பவற்றை ஒரு மனிதர் விசாரித்தே ஆக வேண்டும். அங்கே மனுவை இணையத்தில் கொடுப்பது வாசலை மட்டும் மாற்றுகிறது. உள்ளே கோப்பு பழைய மேசைகளின் வழியேதான் நகர்கிறது. மாற்றியமைக்கப்பட்ட சேவைகள் இத்தனை என்று எந்த அரசாவது பெருமையாகப் பட்டியலிடும்போது, அவற்றில் நகல் வகை எத்தனை, விசாரணை வகை எத்தனை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதல் வகைதான் முதலில் முடிகிறது. மக்களை அதிகம் வருத்துவது இரண்டாம் வகை.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த நிலப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் இன்றும் ‘யு.டி.ஆர்.’ என்றே சொல்கிறார்கள். அப்போது பெயர் மாறி எழுதப்பட்டவை, உட்பிரிவு விடுபட்டவை, தனிப்பட்டா கூட்டுப்பட்டாவாக ஆனவை எனப் பல தவறுகள் நேர்ந்தன. பின்னர் கணினிக்கு ஏறியது அந்தப் பதிவேடுதான். எண்பதுகளில் ஒரு பதிவேட்டில் மட்டும் இருந்த எழுத்துப் பிழை, இன்று இணையத்தில் எவரும் பார்க்கக்கூடிய, வங்கியும் நீதிமன்றமும் கேட்கும் அதிகாரப்பூர்வ உண்மையாகிவிட்டது. காகிதக் காலத்தில் ஊரறிந்த உண்மைக்கு ஓரளவு மதிப்பு இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் ‘இது இன்னார் நிலம் என்பது எல்லாருக்கும் தெரியும்’ என்று குறிப்பெழுத முடிந்தது. இப்போது திரையில் இருப்பதை மாற்ற மேலதிகாரியின் ஆணை வேண்டும். பிழையைப் பரப்புவதில் கணினிக்கு இருக்கும் வேகம், பிழையைத் திருத்துவதில் அலுவலகத்துக்கு இல்லை. தரவை ஏற்றும் செலவைப் போலவே அதைத் திருத்துவதற்கும் தனியே பணமும் ஆளும் ஒதுக்காத திட்டம் முழுமையான திட்டமாகாது.

நிலத்தில் தாமதம் பணத்தைத் தின்னும். உணவில் தாமதம் உடலைத் தின்னும். ஆகவே நியாயவிலைக் கடைக்கும் கூலிப் பட்டுவாடாவுக்கும் வருகிறேன். ஒரே தொழில்நுட்பம் இரு மாநிலங்களில் நேர்மாறான விளைவுகளைத் தந்ததை இங்கே காண்கிறோம். இரண்டையும் கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய அதே மூன்று பொருளியலாளர்கள் அளந்திருக்கிறார்கள் என்பதால் ஒப்பிடுவதற்கும் வசதியாக இருக்கிறது.

முதலாவது, பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசம். ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியும் முதியோர் ஓய்வூதியமும் விரல்ரேகை பதிந்த அட்டையின் வழியாக வழங்கப்பட்டன. எந்த வட்டாரங்களுக்கு முதலில் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, 1.9 கோடி மக்கள் வாழும் பரப்பில் அளந்தார்கள். கூலி விரைவாகக் கிடைத்தது. வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது. இடையில் களவு போன தொகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பயனாளிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பழைய முறையைவிட இதையே விரும்பினார்கள். திட்டம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியும் ஏறத்தாழ பாதிப் பட்டுவாடாதான் புதிய முறைக்கு மாறியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். என் பார்வையில் வெற்றியின் காரணமே அதில்தான் இருக்கிறது: அட்டை இல்லாதவருக்கும் ரேகை பதியாதவருக்கும் பழைய வழி மூடப்படவில்லை. ஊரிலேயே பணம் தரும் ஒருவர் இருந்தார். தபால் அலுவலகம் வரை நடக்க வேண்டிய அலைச்சல் மிச்சமாயிற்று. அரசுக்குச் சிக்கனம் என்பதைவிட வாங்குபவருக்கு வசதி என்பதை முன்வைத்தே அது வடிவமைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, ஜார்க்கண்ட். அங்கே 2016 முதல் நியாயவிலைக் கடைகளில் ஆதார் விரல்ரேகை கட்டாயமாக்கப்பட்டது. குடும்ப அட்டையில் ஒருவருடைய ஆதாராவது இணைந்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவருடைய ரேகையாவது கடையில் பொருந்த வேண்டும்; இல்லையேல் பொருள் இல்லை. கிடைத்த முடிவு வேதனையானது. முதற்கட்டத்தில் கசிவு, அதாவது பொருள் இடையில் களவு போவது, குறையவே இல்லை. பொருள் வாங்க மக்கள் படும் அலைச்சலும் செலவும் கூடின. அதுவரை ஆதாரை இணைக்காத குடும்பங்கள் பெற்று வந்த பொருளின் மதிப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. பிறகு, கருவியில் பதிவான விற்பனையைக் கணக்கிட்டு, கடையில் மீதமிருக்க வேண்டிய இருப்பைக் கழித்துக்கொண்டு அடுத்த மாத ஒதுக்கீட்டை அனுப்பத் தொடங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான கணக்கு வேறில்லை. ஆனால் முந்தைய மாதங்களில் களவு போனதும் ‘இருப்பு’ என்றே கணக்கில் ஏறியிருந்தது. கடையில் இல்லாத அரிசிக்குக் கடைக்காரர் பொறுப்பாக்கப்பட்டார். அவர் அந்தச் சுமையில் ஒரு பகுதியை வரிசையில் நிற்பவர்களின் பைகள் மீது இறக்கினார். கசிவு குறைந்தது, கூடவே உண்மையான பயனாளிக்குக் கிடைத்ததும் குறைந்தது. 2017இல் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதார் இணைக்காததால் குடும்ப அட்டை நீக்கப்பட்டுப் பட்டினி கிடந்தாள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். நோயே காரணம் என்று அரசுத் தரப்பு மறுத்தது. மரணத்தின் காரணம் பற்றிய தகராறை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் அட்டை ஒரு பட்டியலிலிருந்து நீங்கும்போது, யாரும் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் ஏன் என்று கேட்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடுதான் என் மனத்தை விட்டு அகலாதது.

விரல்ரேகை தோற்பதைச் சிலர் அரிய விபத்தாகக் கருதுகிறார்கள். எளிய கணக்கு ஒன்று போதும். மின்சாரம், கருவி, இணையத் தொடர்பு, தொலைவிலுள்ள சர்வர், வாங்குபவரின் விரல் ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும். ஒவ்வொன்றும் 100 தடவைக்கு 95 தடவை சரியாக இயங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஐந்தும் சேர்ந்து சரியாக அமைவது ஏறத்தாழ 77 தடவைதான். மீதி 23 தடவையும் வாங்குபவர் மறுபடி முயல வேண்டும் அல்லது மறுபடி வர வேண்டும். அதிலும் கல்லுடைப்பவர், களையெடுப்பவர், வயது முதிர்ந்தவர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். ஆக, உழைப்பால் தேய்ந்த கைகளையே இந்த முறை முதலில் சந்தேகிக்கிறது.

என் தாயாருக்கு எண்பது வயதைக் கடந்த பின் இதே நிலை ஏற்பட்டது. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து நான்கு முறை வைத்தும் கருவி ஏற்கவில்லை. அன்று கடையில் இருந்தவர், ‘அம்மா, நீங்கள் உட்காருங்கள்’ என்று சொல்லி, அட்டையை ஸ்கேன் செய்து, கையொப்பம் வாங்கிக்கொண்டு அரிசியைத் தந்தார். அவர் செய்தது இரக்கச் செயல்தான். ஆனால் அதைச் செய்ய விதியில் இடம் இருந்ததாலேயே அவரால் செய்ய முடிந்தது. தமிழ்நாட்டில் 2017இல் மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. பொருள் வாங்கியதும் பதிவுசெய்த கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. கடைக்கு வர இயலாத முதியோர் தம் சார்பில் ஒருவரை நியமிக்கவும் வழி இருக்கிறது. பலர் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு: இங்கே பொது விநியோகம் ஏறத்தாழ அனைவருக்குமானது. யார் ஏழை, யார் ஏழையில்லை என்று ஓயாமல் வடிகட்டும் தேவை குறைவாக இருக்கும் இடத்தில், பட்டியலின் பிழைகளும் குறைவாகவே உயிரைத் தொடுகின்றன. தகுதி விதிகள் எவ்வளவு சிக்கலானவையோ, கணினிமயமாக்கலில் அவ்வளவு பேர் வெளியே தள்ளப்படுவார்கள். விதியை எளிதாக்குவதற்கு மென்பொருளே தேவையில்லை.

இடைத்தரகரை ஒழிப்பது பற்றியும் சில வார்த்தைகள். எல்லாரும் தத்தம் கைப்பேசியிலேயே விண்ணப்பித்துவிடுவார்கள் என்ற கனவு படித்த நகர மக்களுக்கே பொருந்தும். மற்றவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் தேவை. இந்தியாவின் தொடக்ககால முயற்சிகளில் ஒன்றான ‘ஞான்தூத்’, 2000 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் தொடங்கி, அதே ஆண்டில் ஸ்டாக்ஹோமில் பன்னாட்டு விருதும் பெற்றது. ஆனால் மின்வெட்டும் தொலைபேசி இணைப்பும் ஒருபுறம் வாட்ட, மையத்தில் கொடுத்த மனுவுக்கு அலுவலகம் விடையளிக்காதது மறுபுறம் வாட்ட, சில ஆண்டுகளில் ஒளி மங்கிப்போனது. வங்கதேசம் 2010 நவம்பரில் 4,501 ஒன்றியங்களிலும் (அந்நாட்டின் அடிமட்ட ஊராட்சி அமைப்புகள்) மையங்களைத் திறந்தபோது, ஒவ்வொன்றையும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நடத்துவது என்று வகுத்தது. பெண்கள் தயங்காமல் உள்ளே வர அது வழி செய்தது. அந்நாட்டினர் ஒரு சேவையை அளப்பதற்கு நேரம், செலவு, அலைச்சல் என்ற மூன்றைக் கொள்கிறார்கள்: எத்தனை நாள் ஆயிற்று, எவ்வளவு செலவாயிற்று, எத்தனை முறை போக வேண்டியிருந்தது. மனுதாரரின் பக்கத்திலிருந்து அளக்கும் இந்த மூன்றையும் எல்லா நாடுகளும் பின்பற்றலாம். எத்தனை லட்சம் மனுக்கள் இணையத்தில் வந்தன என்ற எண்ணைவிட, ஒரு மனுவுக்காக எத்தனை முறை பேருந்து ஏறினார்கள் என்ற எண் அதிகம் சொல்லும்.

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலும் செய்யலாம் என்பதற்கு ஆப்பிரிக்காவின் டோகோ சான்று. 2020 ஏப்ரலில், பெருந்தொற்று ஊரடங்கின்போது, ‘நோவிசி’ என்ற உதவித் திட்டத்தைச் சாதாரண பொத்தான் கைப்பேசியிலேயே குறுகிய எண் ஒன்றை அழுத்திச் சேரும்படி அமைத்தார்கள், இணையம் தேவைப்படவில்லை. அடையாளத்துக்கு, அவ்வாண்டுத் தேர்தலுக்காகப் புதுப்பிக்கப்பட்ட வாக்காளர் பட்டியலையே பயன்படுத்தினார்கள். தலைநகர் லோமேயில் ஆண்களுக்கு மாதம் 10,500 பிராங்கும், குடும்பத்தைப் பார்த்துக்கொள்பவர்கள் என்ற கருத்தில் பெண்களுக்கு 12,250 பிராங்கும் கைப்பேசிப் பணமாகச் சென்றன. கையில் இருந்ததைக் கொண்டு, மக்களிடம் ஏற்கெனவே இருந்த கருவிக்கே சேவையைக் கொண்டு சென்றதால்தான் அத்தனை விரைவு கைகூடியது. கென்யாவிலோ, அனைவருக்கும் ஒரே எண் என்ற ‘ஹுடுமா நம்பா’ திட்டத்துக்கு நிறையச் செலவிட்ட பிறகு, தரவுப் பாதுகாப்புக்கான முன்மதிப்பீடு செய்யப்படவில்லை என்று கூறி 2021இல் உயர் நீதிமன்றம் அதன் நடைமுறையைச் செல்லாததாக்கியது. சட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன மூன்று ஆய்வாளர்களும் ஜெஃப்ரி வீவரும் தெலங்கானாவில் செய்த மற்றொரு சோதனையையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கேட்டவரின் மாவட்டத்தில் நாளைக்கே செய்யக்கூடியது அது. 2018இல் ‘ரைது பந்து’ திட்டத்தில் விவசாயிகளுக்குக் காசோலை வழங்கப்பட்டபோது, 22,000க்கும் மேற்பட்ட விவசாயிகளைத் தொலைபேசியில் அழைத்து, காசோலை வந்ததா, எப்போது வந்தது என்று கேட்டார்கள். சில வட்டாரங்களின் அலுவலர்களிடம், இந்த விடைகளைக் கொண்டே உங்கள் பணி மதிப்பிடப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. அந்த இடங்களில் பணம் பெற்றவர்கள் சற்றே கூடினார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் அதற்கான செலவு அதைவிடப் பன்மடங்கு சிறியது. குடிமக்களை ரேகை வைக்கச் சொல்லிச் சோதிப்பதைவிட, அவர்களை அழைத்து அலுவலகத்தைப் பற்றிக் கேட்பது எவ்வளவு இயல்பான செயல்!

இப்போது பட்டா மாறுதலுக்கு வந்து, கேள்வி கேட்டவரிடமே பேசுகிறேன். உங்கள் குழு காலவரையறையையும் வந்த வரிசையில் எடுக்கும் விதியையும் கட்டாயம் கொண்டுவரும்; கொண்டுவரத்தான் வேண்டும். ஆனால் இவ்விரண்டும் வந்ததும் அலுவலகத்தில் ஒரு புதிய பழக்கம் முளைக்கும். வரிசையைத் தாண்ட முடியாதபோது, முன்னால் நிற்கும் கடினமான மனுவை அகற்ற எளிய வழி அதைத் தள்ளுபடி செய்வது. ‘ஆவணம் போதாது’ என்ற இரண்டு சொற்களில் மனு தீர்ந்ததாகக் கணக்கில் ஏறும், காலவரையறையும் காப்பாற்றப்படும், அறிக்கையில் 100 விழுக்காடு தீர்வு என்று வரும். மனுதாரர் மறுபடி கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிப்பார். இதை அலுவலர்களின் தீய எண்ணம் என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நில அளவர் பல கிராமங்களை ஒற்றையாளாகப் பார்க்கும் இடத்தில், முப்பது நாள் என்று மென்பொருளில் எழுதிவிட்டால் அவருக்கு வேறு வழியும் இருக்காது. ஆகவே காலக்கெடுவை நிர்ணயிக்கும் முன் அந்த நில அளவரோடும் கிராம நிர்வாக அலுவலரோடும் சில நாள்கள் உடன் நடந்து பாருங்கள்.

தள்ளுபடிக்கான காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி மட்டும் விடாதீர்கள். எந்த ஆவணம் குறைகிறது, அது எங்கே கிடைக்கும் என்பதை ஒரு முழு வாக்கியத்தில், தமிழில் எழுதாமல் மனுவை மூட முடியாதபடி செய்யுங்கள். அந்த வாக்கியம் மனுதாரரின் கைப்பேசிக்குச் செல்லட்டும். கைப்பேசி இல்லாதவருக்கு இ-சேவை மையத்தில் அச்சாகிக் கிடைக்கட்டும். தள்ளுபடியை மறுபரிசீலனை செய்ய வட்ட அளவிலேயே, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஆணையிடும் அதிகாரம் பெற்ற ஒருவர் நேரில் அமர்ந்திருக்கட்டும். பழைய பதிவேட்டுப் பிழையால் எழும் மனுக்களைத் தனி வரிசையாகப் பிரித்துவிடுங்கள்; அவை சாதாரண விற்பனையின் காலக்கெடுவுக்குள் முடியாது, முடிக்க முயன்றால் தள்ளுபடியே ஆகும். கடைசியாக, ஒரே புல எண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ வந்த மனுக்கள் எவை என்று கணினியைக் கேளுங்கள். அது நொடியில் சொல்லிவிடும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் வட்டாட்சியரின் மேசைக்கு அனுப்புங்கள். அதிலிருந்து பத்துப் பேரை யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்து என்ன நடந்தது என்று கேட்கச் செய்யுங்கள்.